மலைநாட்டில் ஒளிதேடியோர்: நார்வழி ஒளிசேகரிப்பின் வரலாறு

பண்டாரவளையையும் பதுளையையும் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் தமிழர்க்கு நீலகிரி புதிய பெயரன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியா சென்ற குடும்பங்களுட் பல, கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிற் குடியமர்ந்தன. ஆதலின் நீலகிரி எனின் நமக்குக் கொழுந்தும் குளிரும் பிரிவுமே நினைவுக்கு வரும். அம்மலையின் உதகமண்டலத்தில், விண்ணினின்று வரும் துகள்களை அளவிடும் பெருநிலையம் ஒன்று இயங்குவதை அறிந்தோர் நம்முட் சிலரே. அந்நிலையத்தின் சிறப்புக்குக் காரணங்களுள் ஒன்றான ஒளிசேகரிப்பு முறையின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவாம்.

சில பொருள்களுள் மின்னேற்றமுற்ற துகள் பாயுங்கால் நுண்ணிய ஒளிமினுக்கம் தோன்றும். 1903இல் குரூக்ஸ் இம்மினுக்கங்களை உருப்பெருக்கியினூடாகக் கண்ணாற் கண்டார். மனிதக் கண்ணின் இடத்தை 1940களில் ஒளிபெருக்கிக் குழாய் பெற்றது. அதன்பின் பிளாஸ்டிக்கினாலேயே மினுக்கப் பலகைகள் வார்க்கப்பட்டன. எனினும் ஓர் இடர் எஞ்சிநின்றது. ஒளி எத்திசையிலும் சிதறுகின்றது. குழாயின் வாயோ சிறிது. பிறந்த ஒளியிற் பெரும்பகுதி வழியிலேயே அழிந்துவிடும். ஒளியை மிகுதியாகத் தோற்றுவிப்பதினும், தோன்றியதை இழவாது கொணர்வதே ஆய்வாளர்க்குப் பெரும்பணியாயிற்று.

தென்னிந்தியாவில் இவ்வரலாறு கோலார் தங்கவயலிலிருந்து தொடங்குகின்றது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று சென்ற தமிழ்த் தொழிலாளர் அகழ்ந்த அச்சுரங்கத்தில், 2300 மீற்றர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஓசாக்கா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் மினுக்கப் பலகைகளை நிறுத்தினர். வளிமண்டலத்திற் பிறந்த நியூத்திரினோவின் அடையாளத்தை 1965இல் அவர்கள் கண்டனர். அவ்வாண்டிலேயே தென்னாபிரிக்கச் சுரங்கமொன்றிலும் அது காணப்பட்டது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

அந்நிறுவனமே 1950களிலிருந்து உதகமண்டலத்திலும் அண்டக்கதிர் ஆய்வை நடாத்திவருகின்றது. அங்குள்ள கிரேப்ஸ்–3 என்னும் நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2200 மீற்றர் உயரத்தில் அமைந்தது. ஒவ்வொன்றும் ஒரு சதுரமீற்றர் பரப்புள்ள ஏறத்தாழ 400 மினுக்கப் பலகைகள், எட்டு மீற்றர் இடைவெளியில் அங்கே பரப்பப்பட்டுள்ளன. தொடக்கத்தில் ஐந்து சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகைக்கு மேலே கூம்புபோன்ற பெட்டியை அமைத்து, அதன் உட்புறத்துக்கு வெண்பூச்சிட்டு, உச்சியிற் குழாயைப் பொருத்தினர். ஒளி சுவர்களிற் பட்டுத் தெறித்தே குழாயை அடையவேண்டியிருந்தது.

பின்னர் ஆய்வாளர் வேறொரு வழியை மேற்கொண்டனர். பலகையில் வரிவரியாகப் பள்ளங்கள் வெட்டி, அவற்றுள் மெல்லிய பிளாஸ்டிக்கு நார்களைப் பதித்தனர். பலகையின் நீலவொளியை நார் உட்கொண்டு பச்சையொளியாக வெளிவிடும். அப்பச்சையொளியின் ஒரு பகுதி, முழுவுட்டெறிப்பினால் நாரினுள்ளேயே அகப்பட்டுக் குழாய்வரை செல்லும். பச்சையொளியை நார் மீண்டும் உட்கொள்வது சிறிதேயாதலின் வழியில் இழப்புக் குறைவு. அதனால் இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகையே போதுமாயிற்று. பலகையின் எவ்விடத்தில் துகள் விழினும் விளைவு ஏறத்தாழ ஒருசீராயிற்று. இப்பலகைகளை உதகமண்டலத்திலேயே வார்த்தெடுத்தனர் என்பது நாம் உன்னற்பாலது.

நாரின் உறையும் இங்குக் கருதத்தக்கது. ஓருறை நாரில் ஒரு முனைநோக்கி அகப்படும் ஒளி நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே. முறிவுச்சுட்டி குறைந்த இரண்டாம் உறையை இடின் அது ஐந்து பங்கைக் கடக்கும். மறுமுனையில் ஆடியை ஒட்டின் எதிர்த்திசையிற் செல்லும் ஒளியும் திரும்பிவரும். ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வகத்தில் 2022இல் இயங்கத்தொடங்கிய எல்எச்சிபி நார்க்காணியில், கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள மினுக்க நார்கள் பதினாயிரம் கிலோமீற்றருக்கு மேல் இடப்பட்டுள்ளன. அவற்றின் ஒரு முனையிலும் ஆடியே உண்டு. உதகையின் நார் பலகையின் ஒளியைச் சுமக்கின்றது; சேர்னின் நார் தானே மினுங்குகின்றது. ஒளியைக் காக்கும் நெறியோ இரண்டிற்கும் ஒன்றே.

பலகைகளின் அருகே 560 சதுரமீற்றர்ப் பரப்பில் மியுவோன்களை எண்ணும் கருவியும் உண்டு. 2014 டிசம்பர் முதலாம் நாள் எழுந்த இடிமுகிலில் ஏறத்தாழ 130 கோடி வோல்ற்று மின்னழுத்தம் இருந்ததை அது காட்டிற்று. இம்முடிவு 2019இல் வெளியாயிற்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சுரங்கத்தைத் தோண்டியோரும் மலையைத் தோட்டமாக்கியோரும் நம்மவர்; ஆயினும் அறிவியல் வரலாற்றில் அவர்க்கு இடம் அரிது. அறிவியற் கருவிகள் தொலைவிலேயே பிறப்பன என்னும் எண்ணமும் நம்மிடை ஊறிப்போயிற்று. உதகை அதனை மறுக்கின்றது. பண்டாரவளையின் உயரம் ஏறத்தாழ 1200 மீற்றர். மியுவோன்கள் இங்கும் இடையறாது பாய்கின்றன. மேலேறுந்தோறும் அவற்றின் தொகை மிகும். ஒரு சிறு மினுக்கப் பலகை, சில நார்கள், ஓர் ஒளியுணரி ஆகியன இருப்பின், கரையோரத்திலும் நம் மலையிலும் எண்ணி ஒப்பிடுதல் மாணாக்கர்க்கு இயலும். தோன்றும் ஒளி நம்மிடத்தும் குறைவன்று. அதனை வழியில் அழியவிடாது முனைவரை கொண்டுசேர்க்கும் நாரே வேண்டற்பாலது. அந்நாரை இழைக்கும் பொறுப்பு, 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் உள்ளிட்ட நம் கல்விக்கூடங்களையும், அவற்றின் தமிழ் மாணாக்கரையும் சார்ந்தது என்பது எமது துணிபு.