ஐந்து மணிப் பாட்டு



ஜப்பானில் மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தேன். "என்ன சார் பார்த்தீங்க?" என்று பலரும் கேட்கிறீர்கள். ஃபூஜி மலையும் புல்லட் ரயிலும் யூடியூபிலேயே இருக்கின்றன. நான் காதால் கேட்ட ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை சரியாக 5 மணி. தெருவில் எங்கிருந்தோ மெதுவாக ஒரு இசை வந்தது. பக்கத்தில் ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்தேன். "இல்லப்பா, தினமும் போடுவாங்க. பிள்ளைங்க விளையாட்டை முடிச்சு வீட்டுக்குப் போகணும்னு அர்த்தம்" என்றாள் மகள். எதிரே பூங்காவில் இருந்த பிள்ளைகளும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அதன் பின்னால் இருக்கும் வரலாறுதான் என்னை உலுக்கியது.

பாட்டின் பெயர் 'யூயாகே கொயாகே'. அந்திச் சிவப்பு, கோயில் மணி ஓசை, கைகோத்து வீடு திரும்பும் பிள்ளைகள், இவைதான் பாட்டு. எழுதியவர் நாகமுரா உகோ. அவர் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். இசையமைத்தவர் குசகாவா ஷின். 1923-ல் அச்சாகி வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று கான்டோ பெருநிலநடுக்கம். டோக்கியோவும் யோகோஹாமாவும் பற்றி எரிந்தன. ஒரு லட்சம் பேருக்கு மேல் பலியானார்கள். அச்சிட்ட பிரதிகளில் பெரும்பகுதி தீயில் போக, தப்பிய சிலவற்றிலிருந்துதான் பாட்டு பரவியது என்பார்கள்.

நிலநடுக்கத்தில் பிழைத்த அந்தப் பாட்டைத்தான் இன்று பல ஊர்களில் பேரிடர் எச்சரிக்கை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். வேறு பாட்டு போடும் ஊர்களும் உண்டு. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது பாதி வேலைதான். கம்பத்தில் இருக்கும் ஒலிபெருக்கி இன்று வேலை செய்கிறதா என்று சோதிப்பது மீதி வேலை. தினமும் சைரன் ஊதினால் ஊர் பயப்படும், நாளடைவில் அலட்சியமும் வரும். பாட்டென்றால் இரண்டும் இல்லை. ஒருநாள் கேட்காவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46-க்கு நிலம் அதிர்ந்தது. மினாமி சன்ரிகு என்ற கடலோர ஊரில் மிகி எண்டோ என்ற 24 வயது நகராட்சி ஊழியர் அந்த ஒலிபெருக்கி வழியாக "மேட்டுக்கு ஓடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அலை அந்த மூன்று மாடிக் கட்டடத்தையே மூழ்கடித்தது. அவர் திரும்பவில்லை. அந்தக் குரலைக் கேட்டு ஓடிப் பிழைத்தவர்கள் பலர். சைதாமா மாகாணத்தில் அவர் கதையை அறநெறிப் பாடத்தில் சேர்த்தார்கள்.

அந்த ஏற்பாட்டிலும் குறை இருந்தது. முதல் எச்சரிக்கையில் மியாகி மாகாணத்துக்கு அலை 6 மீட்டர் என்றார்கள். பிறகுதான் 10 மீட்டருக்கு மேல் என்று உயர்த்தினார்கள். முதல் கணக்கை நம்பி நின்றுவிட்டவர்கள் உண்டு. அதனால் 2013-ல் முறையை மாற்றினார்கள். மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதலில் மீட்டர் கணக்கு சொல்வதில்லை, 'மிகப் பெரிய அலை' என்றே அறிவிப்பார்கள். தப்பை ஒப்புக்கொண்டு திருத்தியதும் பாடம்தான்.

2004 டிசம்பர் 26 காலை, நாகப்பட்டினம் கடற்கரையில் எச்சரிக்க ஒரு குரலும் இல்லை. சுமத்ராவில் நிலம் அதிர்ந்து அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. ஆனால் மையத்துக்குத் தெரிந்த செய்தி கடைசிக் குப்பத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! ஆபத்து நாளில் பேச வேண்டிய கருவி சாதாரண நாளிலும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளில் யாராவது ஜப்பான் போனால், மாலை 5 மணிக்கு ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். கடலோர ஊரில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, உங்கள் ஊர் ஒலிபெருக்கி கடைசியாக எப்போது பேசியது என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.