தேங்காய் மட்டைப் பலகை

தேங்காய் மட்டையை அரைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து உருவாக்கும் மட்கும் கூட்டுப்பொருள். இதற்கு வெளியிலிருந்து பசை சேர்க்கத் தேவையில்லை என்பதே இதன் தனிச்சிறப்பு.

மூலப்பொருள்: உலர்ந்த மட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நார்; மீதி பெரும்பாலும் நார்க்கழிவு எனப்படும் பஞ்சுத்துகள். கயிறும் மிதியடியும் செய்ய நாரைப் பிரித்தெடுத்தபின் இத்துகள் ஆலைகளருகே குவிந்துகிடக்கும். தமிழ்நாட்டில் பொள்ளாச்சி வட்டாரம் நார்த்தொழிலுக்குப் பெயர்பெற்றது. பலகைக்கு நாரும் துகளும் சேர்ந்தே பயன்படுவதால் மட்டையின் எப்பகுதியும் வீணாவதில்லை.

செயல்முறை: தேங்காய் நாரில் லிக்னின் என்னும் இயற்கைப் பிணைப்புப்பொருள் 40 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளது; சணலிலும் மரத்திலும் இது குறைவு. அரைத்து உலர்த்திய மட்டையைச் சூடான அழுத்தப்பொறியில் வைக்கும்போது, ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் லிக்னின் இளகி இழைகளுக்கிடையே பரவுகிறது. பிறகு இறுகிப் பிணைக்கிறது. துகளே பசையாகவும் நாரே வலுவூட்டியாகவும் அமைகின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2000களில் இம்முறையை விரிவாக ஆராய்ந்தனர்.

பயன்கள்: அறைகலன், தடுப்புப் பலகை, பொதி தாங்கும் தட்டு. வழக்கமான மரத்துகள் பலகைகளில் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின் உண்டு; அவ்வேதிப்பொருளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. மட்டைப் பலகையில் அப்பிசின் இல்லை.

வரம்புகள்: ஈரம் பட்டால் உப்பும், எனவே வெளிப்புறப் பயன்பாட்டுக்கு மேற்பூச்சு தேவை. லிக்னின் மெதுவாகவே சிதைவதால் மண்ணில் மட்க நெடுநாளாகும்.