ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார வீடுகளின் தாங்குறுப்புகள்

வீட்டின் எடையை ஏற்று மண்ணில் இறக்கும் பகுதிகள் தாங்குறுப்புகள் எனப்படும். கடைக்கால், சுவர், தூண், உத்திரம், கூரை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டியுள்ள ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எடை தாங்கும் வேலை காலப்போக்கில் சுவரிலிருந்து காங்கிரீட் சட்டகத்துக்கு மாறியது. அதனால் வீட்டைச் சோதிப்பவர் கவனிக்க வேண்டிய இடமும் மாறியது.

சுண்ணாம்புக் கட்டு

சிமெண்ட்டுக்கு முந்தைய பெருங்கட்டடங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சான்றுகள் உள்ளன. ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் சுமார் 192 அடி உயரமுடையது. கருங்கல் அடிநிலையின் மேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டது. இவ்வூரிலுள்ள, 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமலை நாயக்கர் அரண்மனையும் செங்கல்–சுண்ணாம்புக் கட்டுதான்.

வசதியுள்ளோரின் காரை வீடுகளும் இதே முறையைப் பின்பற்றின. கல் கடைக்காலின் மேல் தடித்த சுவர் எழும்பும். மர உத்திரங்களுக்கு மேல் கட்டைகளைப் பரப்பி, சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு, நன்கு அடித்து இறுக்கி, தட்டோடு பதித்தால் மட்டப்பா ஆகும். இத்தகைய வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை. ஈரம் தேங்குவதும் கறையான் ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஓட்டுக்கூரை

எளிய வீடுகளில் மண் சுவரும், வைரம் பாய்ந்த பனைமரச் சட்டங்களும், நாட்டு ஓடும் வழங்கின. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியபின், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் மங்களூர் ஓடு தென்னிந்தியா முழுவதும் பரவியது. ஓட்டுவீட்டின் நிலையைக் கூரையின் முகடே காட்டும். முகட்டுக்கோடு நடுவில் தொய்ந்திருந்தால் விட்டமோ கைமரமோ தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

சிமெண்ட்டின் வருகை

1936-இல் ராஜபாளையம் மில்ஸ் பஞ்சாலையை நிறுவிய பி. ஏ. சி. ராமசாமி ராஜா, 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் ஆலை 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் அருகே துலுக்கப்பட்டியில் உற்பத்தியைத் தொடங்கியது. ராம்கோ சிமெண்ட்ஸ் என்பது இந்நிறுவனத்தின் இன்றைய பெயர். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 முதலில் 1953-இல் வெளியானது. சுண்ணாம்பும் மரமும் பின்வாங்க, செங்கல் சுவரின் மேல் காங்கிரீட் தளம் போடுவது வழக்கமாயிற்று. பின்னர் பில்லரும் பீமும் சேர்ந்த சட்டகம் எடையை ஏற்றது. சுவர் அறைகளைப் பிரிக்கும் தடுப்பாயிற்று.

மண்ணும் கடைக்காலும்

இம்மாவட்டத்தில் செம்மண்ணும் கரிசலும் உண்டு. கரிசல் நனைந்தால் உப்பும்; காய்ந்தால் வெடிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தால் ஆழமில்லாத கடைக்கால் அசையும்; ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பூச்சில் தோன்றும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் கேடற்றது. சுவரை ஊடுருவி நாளடைவில் அகலும் விரிசலுக்குத்தான் பொறியாளரின் ஆய்வு தேவை.

சோதனை முறைகள்

சட்டக வீட்டில் இழுவிசையைத் தாங்கும் கம்பி காங்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும். ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி கட்டிய காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-20 தரத்தையும், பில்லர் கம்பிகளை மூடும் காங்கிரீட்டுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டர் கனத்தையும் (மூடுகனம்) கேட்கிறது. மூடுகனம் குறைந்தால் ஈரம் கம்பியை எட்டும். துரு ஏறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பெயர்க்கும். கட்டி முடிந்த வீட்டைத் தட்டும்போது வரும் ஓசை, எதிரடிச் சுத்தியல், மீயொலித் துடிப்பு ஆகியவற்றால் சோதிக்கிறார்கள்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது, கட்டட மேற்பார்வை குறித்த கேள்விகளை மாநிலம் முழுதும் எழுப்பியது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் உள்ளிட்டோரின் பொறுப்புகளை வகுத்தன. ஆயினும் சிறிய தனி வீடுகளுக்கு அவ்விதிகள் நிறைவுச் சான்றைக் கட்டாயமாக்கவில்லை. எனவே அத்தகைய வீடுகளில், சென்டரிங்கில் கம்பி கட்டிக் காங்கிரீட் போடுவதற்கு முன் பொறியாளர் செய்யும் சோதனையே முதன்மையானது.