மனவயது: ஒரு சொல்லின் அரசியல்

அரசாங்கம் உளவியலாளரைக் கலந்துகொண்டு கொள்கை வகுப்பது நல்லதுதானே என்கிறார்கள் நண்பர்கள். 2010இல் பிரிட்டிஷ் அரசு அதற்கென்றே ஒரு குழு அமைத்தபிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. கலந்துகொள்ளட்டும். ஆனால் உளவியலிடமிருந்து அரசு எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

1904இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் ஒரு குழு போட்டார். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனிக் கவனிப்புத் தரவேண்டும், அவ்வளவுதான். ஆல்ஃபிரெட் பினே, சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோல் ஒன்றைச் செய்தார். பிள்ளை எந்த வயதுக்குரிய கேள்விவரை தாண்டுகிறது என்ற கணக்கு 1908இல் வந்தது. புத்தி பிறவியிலேயே முடிந்துபோன சமாச்சாரம் என்பதை பினே ஒப்புக்கொள்ளவே இல்லை. 1911இல் இறந்துபோனார்.

அதற்குள் கருவி அமெரிக்கா போய்விட்டது. நியூ ஜெர்ஸியில் ஹென்றி காடர்ட் அதை மொழிபெயர்த்துப் பரப்பினார். அவருக்குப் புத்தி பரம்பரைச் சொத்து. மனவயது 8 முதல் 12 வரை உள்ளவர்களுக்காக, கிரேக்க வேரிலிருந்து 'மோரான்' என்று 1910இல் ஒரு சொல்லையே உண்டாக்கினார். அதற்குக் கீழே 'இம்பெசில்', இன்னும் கீழே 'இடியட்'. இன்று வசவு, அன்று கலைச்சொல்! தமிழ் படித்தவனுக்குக் கண் இங்கேதான் நிற்கிறது.

1924இல் வர்ஜீனியா கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. முதல் வழக்கு, காப்பகத்தில் தள்ளப்பட்டிருந்த கேரி பக் என்ற 18 வயதுப் பெண்மீது. வளர்த்த குடும்பத்தின் உறவுக்காரன் பலாத்காரம் செய்ததில் கர்ப்பமானதாகப் பிற்பாடு அவள் சொன்னாள். சோதனையில் அவள் மனவயது 9. தாய் எம்மாவுக்கு 8க்கு ஒரு மாதம் குறைச்சல். எட்டு மாதம் நிறையாத மகள் விவியனின் பார்வை சரியில்லை, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்று சாட்சி சொன்னார் ஒரு சமூகப்பணியாளர். கேரியின் வக்கீல் ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. 1927இல் உச்சநீதிமன்றம் 8க்கு 1 என்று அறுவைக்கு அனுமதித்தது. மூன்று தலைமுறை இம்பெசில்கள் போதும் என்று எழுதினார் நீதிபதி ஹோம்ஸ்.

காடர்டின் கணக்குப்படியே மனவயது 9 என்பது இம்பெசில் இல்லை, மோரான். தங்கள் விஞ்ஞானத்தைக்கூட இவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஓர் எண். அது கைக்கு வந்தபிறகு கேரியின் முகத்தைப் பார்க்கவேண்டிய வேலை யாருக்கும் இல்லாமல் போயிற்று.

விவியன் 1931இல் பள்ளிக்கூடத்தின் பாராட்டுப் பட்டியலில் இடம்பெற்றாள்; அடுத்த வருஷம் எட்டு வயதில் இறந்தாள். கேரியின் தங்கை டோரிஸுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிக் கருத்தடை செய்தார்கள். தனக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை என்பது அவளுக்கு ஐம்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.