தன்பாலீர்ப்பு ஆண்களின் அடையாளம்: தமிழகமும் மேலைநாடுகளும்

ஆணை விரும்பும் ஆண் தன்னை யாராக உணர்கிறார் என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும். 1969இல் நியூயார்க்கில் நடந்த ஸ்டோன்வால் எழுச்சிக்குப் பின், மேலைநாடுகளில் ‘கே’ என்பது வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லி வாழும் தனிமனித அடையாளமாக வலுப்பெற்றது.

தமிழகத்தின் பழைய பகுப்பு வேறு. பெண்மைச் சாயலுள்ளவர் கோத்தி. அவர் விரும்பும் ஆண் பந்தி. பந்திக்கெனத் தனி அடையாளம் பெரும்பாலும் இல்லை. கல்யாணமாகி, பிள்ளைகுட்டியோடு ஊரில் மற்ற ஆண்களைப் போலவே இருப்பார். பெண் பார்க்கும் பேச்சு எழும்போதுதான் பலருக்கு நெருக்கடி தொடங்குகிறது.

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகளோடு கோத்திகளும், நேர்ந்துகொண்ட ஊர் ஆண்களும் கூத்தாண்டவரான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து ஒப்பாரி வைக்கிறார்கள். இதை வைத்துத் தமிழ்ச் சமூகம் இவர்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது தவறு. திருவிழாவில் கிடைக்கும் இடம் வீட்டில் கிடைப்பதில்லை.

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை என்ற கொடுமைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை விதித்தது. ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் மறுத்துவிட்டது. தைவான் 2019இலும் தாய்லாந்து 2025இலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளன.