கடல் யாருக்கு? – 6: கைவிட்டுப் போன கப்பல்

ஷா லைன் கைவிரித்துவிட்டது என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். வாருங்கள், நேராகத் தூத்துக்குடிக்கே போய்விடுவோம்.

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி இருக்கிறது. பங்குதாரர்கள் இருக்கிறார்கள். கொழும்புக்கு ஏற்றச் சரக்கும் இருக்கிறது.

கப்பல் மட்டும் இல்லை.

குத்தகைக்குக் கப்பல் கொடுத்த பம்பாய் ஷா லைன், வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்குதலுக்குப் பணிந்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. பிரிட்டிஷ் இந்தியா என்ற அந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? அதுவரை கொழும்பு வழியில் அது வைத்ததே கட்டணம். போட்டிக்கு ஒருவர் வந்ததும் என்ன செய்திருக்கலாம்? கட்டணத்தை நியாயமாக்கியிருக்கலாம். வணிகர்களின் குறை கேட்டிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, எதிராளி நின்றிருந்த பலகையை உருவிவிட்டது. இருப்பதைக் காத்துக்கொண்டால் போதும் என்று தொழில் நடத்துகிறவர்களுக்கு வேறு வழி தோன்றுவதில்லை.

சுதேசிக் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. சோர்ந்து உட்காரவில்லை. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். ஓட்டம் நிற்கவில்லை.

ஆபத்து தீர்ந்ததா? எப்படித் தீரும்! ஷா லைனைப் பணிய வைத்தவர்களுக்கு இலங்கைக் கப்பல்காரரைப் பணிய வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது அவர் முன்னால் இரண்டே வழிகள். ஒன்று, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வக்கீல் தொழிலுக்கே திரும்பிவிடுவது. பெயர்பெற்ற வக்கீல், வருமானத்துக்குக் குறைவில்லை. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, சொந்தக் கப்பல்.

கம்பெனியின் மூலதனத் திட்டம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கி, 2 லட்ச ரூபாயோடு தோள் கொடுத்திருந்தார். மீதிக்கு ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் 25 ரூபாய் லேசான பணமா?

ஆனால் வ.உ.சி.யின் பலமே அந்தச் சிறு பங்குகள்தான். பங்கு வாங்கியவர் பணத்தோடு நின்றுவிட மாட்டார். தன் சரக்கை இந்தக் கப்பலில்தான் ஏற்றுவார். பக்கத்துக் கடைக்காரரையும் இழுத்து வருவார். ஒரு முதலாளியை மிரட்டிவிடலாம். ஆயிரக்கணக்கானவர்களை யார் மிரட்டுவது?

முடிவெடுத்துவிட்டார். பம்பாய்க்குப் புறப்பாடு.

வீட்டில் மகன் உலகநாதன் நோயில் படுத்திருந்தான். மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி. இந்த நேரத்திலா போவது என்று நண்பர்கள் தடுத்தார்கள்.

அவர் நிற்கவில்லை.

திரும்பினால் கப்பலோடு திரும்புவது, இல்லையேல் கடலில் விழுந்து மாய்வது. இதுதான் அவர் எடுத்த சூளுரை. பிள்ளைப் பாசம் குறைந்த மனிதரா அவர்? தன் வார்த்தையை நம்பிப் பணம் போட்டவர்களின் முகமும் அவர் கண்முன் நின்றதே!

சொன்னதைச் செய்தார். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம். ஆயிரக்கணக்கான மூட்டைகள் ஏற்றலாம். தம் ‘இந்தியா’ பத்திரிகையில் பாரதியார் பூரித்து எழுதினார். பயணிகளும் சரக்கும் சுதேசிக் கப்பல் பக்கம் சாய்ந்தன.

வெள்ளைக் கம்பெனி மிரண்டது. கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது.

சுதேசிக் கம்பெனி அதிலும் பாதி, 8 அணா என்றது.

உடனே எதிர்த் தரப்பிலிருந்து வந்தது அடுத்த அறிவிப்பு. கட்டணமே வேண்டாம், சும்மா ஏறுங்கள்! ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம்!

ஒரு பக்கம் காசில்லாப் பயணம், கையில் புதுக் குடை. மறுபக்கம் 8 அணா கொடுத்து ஏற வேண்டிய நம் கப்பல். மூட்டை முடிச்சோடு துறைமுகத்துக்கு வந்த ஏழைப் பயணி எந்தக் கப்பலில் ஏறினார்?

அடுத்த வாரம் பார்ப்போம்.