மிக்ஸருக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

எங்க ஸ்டுடியோவுல இருந்த பழைய டிஜிட்டல் மிக்ஸர், ஒருநாள் ஆன் பண்ணதும் 'டிக் டிக்'னு சத்தம் போட்டு நின்னுடுச்சு. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. புதுசு வாங்கினா, இணைப்பே பொருந்தல. ஏன்?

1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு சுமார் 5 எம்பிதான். 1990-களின் இறுதியில் வந்த சில மிக்ஸர்களுக்குள் ஒரு கணினியே உட்கார்ந்திருந்தது. அதோடு ஐடிஇ டிஸ்க்கும் வந்தது. 2003 வாக்கில் சாட்டா வந்து ஐடிஇ-யை ஓரங்கட்டியது.

கைகொடுத்தது கேமரா கார்டு! 1994-ல் சான்டிஸ்க் கொண்டுவந்த காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, ஐடிஇ டிஸ்க் போலவே இயங்கும். நடுவில் ஒரு சின்ன அடாப்டர் போதும். பழைய ஃபிளாப்பிகளிலிருந்து மென்பொருளை ஏற்றினேன், மிக்ஸர் உயிர்பெற்றது.

ஆனா பழைய மிக்ஸ் அமைப்புகள் அந்த டிஸ்க்கோடயே போயிடுச்சு. பாட்டெல்லாம் டேப்ல பத்திரமா இருக்கு. எந்தக் குரலை எவ்வளவு தூக்கி வச்சோம்ங்கிறது மட்டும் இல்ல. உங்க மிக்ஸர் இன்னும் ஓடுதா? இன்னைக்கே ஒரு நகல் எடுத்துடுங்க.